சூட்டுப் பால்

பிரான்சி முதல் நாள் ஓடியபோது, மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போன மூக்கன் கம்பை ஓங்கியபடி குறுக்கே வந்து நின்றுவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொள்ளிடக் கரைமேல் ஒரு பொம்பளை தலைதெறிக்க ஓடி வந்தால், பின்னால் எவனோ துரத்துகிறான் என்றுதானே மனுஷன் நினைப்பார்.

"யாரும்மா தொரத்துறது? எங்க அவன்?"

"யாரும் தொரத்தலங்க. பிராக்டீஸ்."

"என்னாது?"

"ரயில்வே வேலைக்குங்க. ஓடிக் காட்டணும்."

மூக்கன் கம்பை இறக்கினார். "ரயிலுதானம்மா ஓடணும், நீ எதுக்கு ஓடுற?" என்று கேட்டுவிட்டு மாடுகளைத் தேடினார். அவை அதற்குள் யாருடைய வாழைத்தோப்புக்குள்ளோ புகுந்திருந்தன.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. தண்டவாளத்தில் ஜல்லி தள்ளுகிற வேலைக்கு எதற்கு ஓட்டம் என்று பிரான்சிக்கும் தெரியாது. ஆயிரம் மீட்டரை ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்குள் ஓட வேண்டும். இருபது கிலோ மூட்டையைக் கீழே வைக்காமல் நூறு மீட்டர் தூக்கிப் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு போய் உட்கார்ந்து எழுதிய பரீட்சையில் தேறிவிட்டாள். ஓட்டத்தில் விட்டால் விட்டதுதான். அடுத்த அறிவிப்பு வருகிறபோது அவளுக்கு வயது தாண்டியிருக்கும்.

மூட்டையைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. திருவானைக்காவலில் வாழையிலை வெட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் இலைக்கட்டு தூக்கிய தோள் அது. ஓட்டம்தான் உதைத்தது. பள்ளிக்கூடத்தில் ஓடிக் கோப்பை வாங்கியவள்தான், ஆனால் அது பதினெட்டு வருஷத்துக்கு முந்தின கால். முதல் நாள் ஏழு நிமிடம் பத்து விநாடி ஆனது. கரையில் குந்தி உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்த அவள் புருஷன் ஆஸ்டின், "பரவால்ல, கொறஞ்சிடும்" என்றான். அவன் குரலில் நம்பிக்கை ஒரு சொட்டுக்கூட இல்லை. ஓட்டத்துக்கு இன்னும் ஐம்பத்தைந்து நாள் இருந்தது.

இந்த வேலை வந்தே தீர வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்டின் இலை வெட்டிய தோப்புகள் ஒவ்வொன்றாகக் கல் நட்டுப் பிளாட்டாகிக்கொண்டிருந்தன. முன்பு வாரம் ஆறு நாள் தோப்பு. இப்போது மூன்று நாள் கிடைத்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் அவன் அரிவாளைத் தீட்டித் தீட்டிச் செருகி வைத்துக்கொண்டு பேப்பர் படித்தான்.

அந்தக் காலை அவள் வீடு திரும்பியபோது, நாலு மாதக் குழந்தை பிலோமினா, வீட்டில் மினா, பசியில் அழுதுகொண்டிருந்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள் லிசி. ஆஸ்டினுக்குப் பதினாலு வயது மூத்த அக்காள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், புருஷன் போனபின் தம்பியோடேயே தங்கிவிட்டவள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, இடுப்பில் சாவிக்கொத்து. வீட்டில் உலை வைப்பதிலிருந்து பூசைக்குப் போவது வரை அவள் வைத்ததுதான் சட்டம்.

"அங்கயே நில்லு. உள்ள வராத."

"அழுவுறா அண்ணி. பசி."

"அழுவட்டும். ஒடம்பு கொதிக்குது பாரு, அடுப்புலேருந்து எறக்குன சட்டி மாதிரி. இந்தச் சூட்டோட மாரக் குடுத்தேன்னா நேரா புள்ள வயித்துல எறங்கும். பச்ச பச்சயாப் போவும். மொதல்ல அத வெளிய பீச்சி விடு."

"பாலயா?"

"பாலத்தான். ரெண்டு பக்கமும். சூட்டுப் பாலு அது. பீச்சிட்டு, பச்சத் தண்ணியில தலையோட ஊத்திக்க. ஒரு மணி நேரம் ஆறி ஒக்காரு. அப்பறம் குடுக்கலாம்."

"ஒரு மணி நேரம் அவ தாங்குவாளா?"

"நான் பாத்துக்குறேன். தரையில விடாத, மிதிபடும். எறும்பு மொய்ச்சாலும் பால் வத்திடும். கருவேப்பிலச் செடி அடியில விட்டு மேல தண்ணிய ஊத்து."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பிரான்சியும் பி.காம். படித்தவள்தான். பாதி மனசு இது என்ன கூத்து என்றுதான் சொன்னது. ஆனால் அவள் ஒன்பது வருஷம் மாதா கோயில் மாதா கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அது. ஒருவேளை லிசி சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? அந்த ஒருவேளைக்கு முன்னால் எந்தப் படிப்பும் நிற்காது. கொல்லைக்குப் போய்க் குனிந்து நின்று பீச்சினாள். ஒரு டம்ளர் இருக்கும். பால் மண்ணில் இறங்கியதும், சொன்னபடி மேலே தண்ணீரை ஊற்றினாள்.

உள்ளே லிசி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, பாலாடைச் சங்கால் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். மினா சப்புக்கொட்டிக் குடித்தது. ஒரு மணி நேரம் கழித்து மாரில் வைத்தபோது நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப் போயிற்று.

"பாத்தியா, வயிறு ரொம்பிடுச்சு" என்றாள் லிசி.

அன்றிலிருந்து அதுவே முறை என்றாயிற்று. காலையில் ஓட்டம், ஒரு டம்ளர் செடிக்கு. சாயங்காலம் இருபது கிலோ இலைக்கட்டைத் தோளில் ஏற்றித் தெருக்கோடி வரை நடை, அரை டம்ளர் செடிக்கு. நடுவில் வீட்டு வேலை. ஆஸ்டின் தோப்பிலிருந்து இலை கொண்டுவந்து போட்டதும் பெண்கள் இருவரும் முன் அறையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். நுனி இலை தனி, நுனி போக வெட்டிய ஏடு தனி, கிழிசல் தனி. நூறு நூறாக மடித்து நாரால் கட்டி, நனைத்த சாக்கைப் போர்த்தி வைத்தால் ஆஸ்டின் டி.வி.எஸ். வண்டியில் ஏற்றிக் காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். பங்குனி வெயிலில் இலை வாடுவதற்குள் போக வேண்டும். காலை எட்டு மணிக்கே ஓட்டுக்கூரை தகிக்கத் தொடங்கிவிடும்.

லிசியைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரான்சிக்குப் பால் ஊற வேண்டும் என்று அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வெள்ளிக்கிழமை விட்டு வெள்ளிக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பால்சுறா பார்த்து வாங்கி வருவாள். வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, இடித்த பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுப் புட்டாகக் கிளறி, தான் ஒரு வாய் எடுக்காமல் மொத்தத்தையும் பிரான்சி இலையில் வைப்பாள். "தின்னு. ஒரு பருக்க மீதி வைக்கக் கூடாது. இதத் தின்னா கல்லுக்கும் பால் சுரக்கும்." ஊறட்டும் என்று ஒரு கையால் போட்டு, கொட்டு என்று மறு கையால் வாங்கினாள். அந்த வீட்டில் இது யாருக்கும் உறைக்கவில்லை. செடிக்கு மட்டும் உறைத்ததோ என்னவோ, அந்தக் கோடையிலும் துளிர் விட்டுக்கொண்டு நின்றது.

நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆறு நாற்பது. ஆறு இருபது. ஆறு ஐந்து. ஆஸ்டின் குரலில் உயிர் வந்தது. கரைமேல் நின்று, "கைய வீசு, கைய வீசு" என்று கத்தினான். மூக்கன்கூட மாட்டை ஓரம் கட்டி வழி விட்டார். பிரான்சிக்கு அந்த ஆறு நிமிடம் மட்டும் வேறு நினைப்பே இருக்காது. ஓடி முடித்து முழங்காலில் கையூன்றி நிற்கும்போதுதான் மார் கனத்து, பிள்ளை ஞாபகம் வந்து, பயம் பிடித்துக்கொள்ளும்.

ஏனென்றால் மினா இளைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தொடை மடிப்பு ஒன்று காணாமல் போயிற்று. பிறகு கன்னம். "வெயிலு காலம், எல்லாப் புள்ளையும் வாடத்தான் செய்யும்" என்றாள் லிசி. பிரான்சி அதை நம்பப் பார்த்தாள். நம்ப முடியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்படுகிற விலா எலும்பை எந்த வெயில் கணக்கில் எழுதுவது?

சித்திரை பிறந்த முதல் புதன்கிழமை அங்கன்வாடியில் எடை போட்டார்கள். ஊசி போட வருகிற நர்ஸ் சுபஸ்ரீ தராசுத் தொட்டிலில் மினாவை வைத்து முள்ளைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"போன மாசம் அஞ்சு அறுநூறு. இப்ப அஞ்சு முந்நூறு. ஏறணும்மா, எறங்கக் கூடாது. என்ன குடுக்குறீங்க?"

"தாய்ப்பால்தாங்க" என்றாள் பிரான்சி.

"வேற எதுவும்?"

"வேற ஒண்ணும் இல்லம்மா" என்று லிசி முந்திக்கொண்டாள். பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணியெல்லாம் ஒரு ஆகாரமா?

"பால் பத்துதா?"

பிரான்சிக்கு வாய் வரைக்கும் வந்தது. ஓடுகிறேன் என்று சொன்னால் பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு உனக்கு ஓட்டம் ஒரு கேடா என்று அத்தனை பொம்பளைகள் முன்னால் நர்ஸ் கேட்டுவிடுவாளோ என்று பயம். "பத்துதுங்க" என்றாள். நர்ஸ் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொல்லி அட்டையில் சிவப்பு மையில் எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் லிசி சாவிக்கொத்தை உருவித் தரையில் போட்டாள். அப்படிப் போட்டால் பேச்சு பெரிதாகும் என்று அர்த்தம்.

"ஓட்டத்த நிறுத்து."

"அண்ணி, இன்னும் இருபத்தேழு நாளுதான்."

"ஓடி ஓடி ஒடம்பு உலர்ந்து போச்சு. பால் எங்கேருந்து வரும்? பீச்சறப்பவே தெரியலயா ஒனக்கு? மொதல்ல ஒரு டம்ளர் வந்துச்சு, இப்ப கால் டம்ளருக்குத் தள்ளாடுது."

அது உண்மை. பிரான்சி புருஷனைப் பார்த்தாள். ஆஸ்டின் அரிவாளின் முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அக்கா சொல்றதும்... புள்ளதானே முக்கியம், பிரான்சி."

"புள்ள முக்கியமில்லன்னு நான் சொன்னனா? ஆறு நிமிஷத்துக்கு வந்துட்டேன். இன்னும் இருபது செகண்டு. இப்ப விட்டுட்டு, நாளைக்கு அவ ஸ்கூலுக்குப் போறப்ப எத வச்சுப் படிக்க வைப்பீங்க? தோப்பு இருக்குமா அப்ப? சொல்லுங்க."

"கத்தாத. எனக்குத் தெரியலன்னுதான் சொல்றேன்."

அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பிரான்சிக்கும் தெரியவில்லை. தன் காலே தன் பிள்ளையின் வாயிலிருந்து பறிக்கிறது என்று ஒருத்தி நம்ப ஆரம்பித்துவிட்டால், அதைவிட நரகம் கிடையாது. ஓடினாலும் பாவி, நின்றாலும் பாவி. மறுநாள் ஓடினாள். அழுதுகொண்டே ஓடினாள். ஐந்து ஐம்பத்தெட்டு.

ஐந்தாம் நாள் மினாவுக்குப் பேதி கண்டது. மத்தியானத்துக்குள் ஆறு தடவை. தண்ணீராக, பச்சையாக. லிசி துணியை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"சூட்டுப் பாலேதான். எங்கயோ ஒரு நாள் ஆறாமக் குடுத்திருக்க."

"சத்தியமா இல்ல அண்ணி."

"இனி ஒரு சொட்டு மாரு குடுக்காத. பேதி நிக்கிற வரைக்கும் குடுக்காத."

"அப்ப என்ன குடுக்குறது?"

"தண்ணி போதும். வயிறு காயணும்."

பிரான்சி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். லிசி கிட்டே வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"ஒங்கிட்ட நான் இத சொன்னதில்ல. என் பையன் ஏழாம் மாசம் போயிட்டான்னுதான் ஒனக்குத் தெரியும். அமிர்தராஜு. எப்படிப் போனான் தெரியுமா? காட்டூர் பக்கம் சூளையில செங்கல் சொமந்தேன். உச்சி வெயில்ல சொமந்துட்டு ஓடியாந்து, புள்ள அழுவுதேன்னு அந்தச் சூட்டோடயே மாரக் குடுத்துட்டேன். ராத்திரியே பேதி. என் மாமியா சொன்னா, சூட்டுப் பாலக் குடுத்துப் புள்ளையக் கொல்லப் பாக்குறியேடின்னு. அன்னிக்கு நிறுத்துனது. மூணு நாளு சொட்டு குடுக்கல. அப்பவும் பேதி நிக்கல. அந்த ஒரு தடவ குடுத்த சூடு அப்படி. இருபத்திரண்டு வருசமா அந்தப் பாவத்த நான் சொமக்குறேன், பிரான்சி. ஒனக்கு அது வேணாம்."

அதற்குமேல் பிரான்சியால் என்ன பேச முடியும்? சரி என்று தலையாட்டினாள். மினாவைத் தொட்டிலில் போட்டாள். லிசி ஜெபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நேரம் போகப் போகக் குழந்தையின் அழுகை மெலிந்தது. பிரான்சிக்கு மார் கல்லாகக் கட்டிக்கொண்டு சட்டை நனைந்தது. குழந்தை அவளைப் பார்க்கும்போதெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதுவும் நின்றது. மறுநாள் காலை உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. உதடு காய்ந்து வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. அழுதால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பிரான்சி குழந்தையை வாரி எடுத்தாள். "வண்டிய எடுங்க" என்றாள் ஆஸ்டினிடம். லிசியும் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இலைக்கட்டு ஏற்றுகிற டி.வி.எஸ். வண்டி, மூன்று பேரையும் ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு முனகி முனகிப் போயிற்று.

மாநகராட்சி ஆஸ்பத்திரியில் சுபஸ்ரீதான் இருந்தாள். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் உடனே படியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பார்ப்போம், நாலு மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் பெரியாஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுப் போனார். சுபஸ்ரீ பொட்டலத்தைப் பிரித்துக் கரைத்து ஸ்பூனால் புகட்டத் தொடங்கினாள்.

"எத்தன தடவ போச்சு?"

"பதினஞ்சுக்கு மேல இருக்குங்க."

"தாய்ப்பால் குடிக்கிறாளா?"

"நிறுத்திட்டோம்."

ஸ்பூன் நின்றது. "யாரு நிறுத்தச் சொன்னா?"

லிசி வாசற்படியில் நின்றாள். பிரான்சி திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தாங்க. எம்மேலதான் தப்பு. நான் ரயில்வே வேலைக்காக ஓடுறேன். தெனமும். முப்பத்தஞ்சு நாளா."

சொல்லிவிட்டுத் திட்டுக்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓடுனா என்ன?" என்றாள் சுபஸ்ரீ.

"பால் சூடாகும்ல..."

"ஒடம்பு என்ன குண்டானாம்மா, பால் கொதிக்க? நாத்து நடுறவங்க, சித்தாளு வேலைக்குப் போறவங்க எல்லாரையும் பாத்துட்டுத்தான் இருக்கேன். வேர்க்க விறுவிறுக்க வந்து ஒக்காந்து குடுக்குறாங்க. புள்ளைங்க நல்லாத்தான் இருக்குதுங்க. மாருல வேர்வை உப்புக் கரிக்கும், தொடச்சிட்டுக் குடுங்க. தெனம் ஓடுறதால பால் கொறையவும் செய்யாது, கெடவும் செய்யாது. நீங்க ஒழுங்கா சாப்ட்டு, தண்ணி நெறையக் குடிச்சா போதும். ஓடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ குடுத்துட்டுப் போங்க, மாரு கனமில்லாம ஓடலாம்."

"நான் பீச்சிக் கொட்டிட்டேங்க."

"எவ்வளவு?"

"காலையில ஒரு டம்ளர். சாயங்காலம் அரை."

"தெனமுமா?"

"ஆமாங்க. அதுக்கப்பறம் ஒரு மணி நேரம் ஆற வச்சுட்டு. அதுவரைக்கும் சக்கரத் தண்ணி."

சுபஸ்ரீ ஸ்பூனைக் கரைசலுக்குள் போட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம்.

"நல்ல பாலெல்லாம் மண்ணுக்கு. மிச்சம்தான் புள்ளைக்கு. அந்த மிச்சத்தையும் குடிக்க விடாம வயித்த சக்கரத் தண்ணியால ரொப்பியாச்சு. புள்ள வாய் வச்சு இழுத்தாத்தானே ஊறும்? இழுக்கல, கொறஞ்சிடுச்சு. ஓட்டத்தால இல்ல. இந்தப் பேதியும் அந்தத் தண்ணியிலதான் வந்திருக்கும், இந்த வெயில்ல. சரி, அது போகட்டும். ஆனா பேதின்னதும் மார நிறுத்துனீங்க பாருங்க, அது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? பேதிக்கு மொத மருந்தே தாய்ப்பால்தான். அத நிறுத்துனா ஒடம்புல தண்ணி வத்திடும். ரெண்டு நாளு, மூணு நாளு, அவ்வளவுதான். புள்ள கைய விட்டுப் போயிடும். இப்ப எடுத்துக் குடுங்க. இப்பவே."

பிரான்சி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தாள். முதலில் மினாவுக்கு இழுக்கத் தெம்பில்லை. காம்பை அழுத்தி நாக்கில் சொட்டு விட்டாள். ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு உதடு அசைந்தது. பிரான்சிக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் லிசியைக் காணவில்லை.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாளாம். ஆஸ்டின் போய்க் கூப்பிட்டிருக்கிறான். சாயங்காலம் குழந்தை தெளிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, "நீங்க போங்க, நான் நடந்து வரேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் புழுக்கத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்தாள்.

நாலு நாளில் பேதி நின்றது. இரவும் பகலுமாகப் பிரான்சி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தாள். லிசி உலை வைத்தாள், இலை பிரித்தாள், பூசைக்குப் போனாள். நர்ஸ் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு முறை, வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவ கலியாணமே ஆகாத பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும் புள்ள வளக்குறதப் பத்தி" என்றாள்.

"அக்காகிட்ட அதப் பேசாத" என்றான் ஆஸ்டின் கொல்லையில் வைத்து.

"நான் எங்க பேசினேன்? ஆனா நாளைக்கு ஓடணும். இன்னும் பதினெட்டு நாளு இருக்கு. ஓடிட்டு வந்து குடுக்கணும். அவங்க முன்னாடி குடுக்கணும். என்ன செய்யச் சொல்றீங்க?"

அவள் ஓடப் போனாலும் சரி, நாளை வேலைக்குப் போனாலும் சரி, மினாவைப் பார்த்துக்கொள்ள லிசியைத் தவிர வேறு நாதி கிடையாது. வேர்த்த உடம்போடு லிசியின் கண்முன்னால் பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று பிரான்சிக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் லிசிக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒளிந்து கொடுக்கலாமா என்றுகூட யோசித்தாள். இரண்டு அறை வீட்டில் எங்கே ஒளிவது?

விடியற்காலையில் எழுந்து மினாவுக்கு ஒரு பக்கம் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு நாள் ஓடாத கால் முதலில் கெஞ்சியது. அப்புறம் மார் கனமில்லாத உடம்பு முன்னால் பாய்ந்தது. ஐந்து நாற்பத்தொன்பது. ஆஸ்டின் செல்போனைத் தூக்கிக் காட்டினான். அவளுக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் லிசி குழந்தையோடு நின்றாள். மினா தாயைப் பார்த்துவிட்டு லிசியின் தோளில் எம்பி எம்பி அழுதது. பிரான்சி சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். துண்டால் கழுத்தையும் மாரையும் துடைத்தாள். படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடுங்க அண்ணி."

"ஆறட்டும்."

"பசிக்குது அவளுக்கு."

"ஒரு அரை மணி நேரம், பிரான்சி. ஒனக்கு என்ன கெட்டுப்போச்சு? அரை மணி நேரம்."

அது கெஞ்சல். அந்த வீட்டில் லிசி யாரிடமும் கெஞ்சிப் பிரான்சி கேட்டதில்லை. அவளுக்குக் கையை மடக்கிக்கொண்டுவிடலாமா என்று இருந்தது. அரை மணி நேரத்தில் பிள்ளை செத்தா போய்விடும்? ஆனால் இன்று அரை மணி என்றால் நாளை ஒரு மணி, மறுநாள் பாலாடை. நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை.

"குடுங்க அண்ணி" என்றாள் மறுபடி, மெதுவாக.

லிசி கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் எதிரிலேயே நின்று பார்த்தாள். மினா ஆவேசமாக இழுத்துக் குடித்தது. தொண்டை ஏறி இறங்குகிற சத்தம் தெருவரை கேட்டது.

அன்று லிசி பூசைக்குப் போகவில்லை. இலை பிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கை நுனி இலையை ஏட்டோடும் ஏட்டைக் கிழிசலோடும் போட்டது. பிரான்சி மறுபடி பிரித்து அடுக்கினாள். கால் மணிக்கு ஒரு தடவை லிசி எழுந்து தொட்டிலுக்குப் போய்க் குழந்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். துணி நனைந்தால் பிரான்சியை முந்திக்கொண்டு அவளே மாற்றினாள். மூத்திரம்தான். மத்தியானம் வெயில் ஏறியது, கூரை தகித்தது, பிரான்சி இன்னும் இரண்டு முறை கொடுத்தாள். குழந்தை குடித்தது, தூங்கியது, எழுந்து காலை உதைத்துக்கொண்டு கத்தியது. லிசியின் முகத்தைப் பார்த்தபோது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் பயப்படுகிறாளா, எதுவும் ஆகாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாளா என்று பிரான்சிக்குப் புரியவில்லை. லிசிக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆஸ்டின் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு மினா வெளிக்குப் போனாள். லிசி துணியை உருவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள். வழக்கமான மஞ்சள். வழக்கமான அளவு. திருப்பிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகல" என்றாள்.

"ஆமாம் அண்ணி."

"அந்தச் சூட்டோடதான குடிச்சா. நான் பாத்துட்டுத்தான நின்னேன்."

"உள்ள வாங்க அண்ணி. அந்தக் காலத்துல அமிர்தராஜுக்கு வந்தது வேற ஏதாச்சும் நோவா இருந்திருக்கும். நமக்கு என்ன தெரியும்?"

லிசி அதைக் காதில் வாங்கவில்லை. துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பிரான்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ மாடுகளை வீட்டுக்கு ஓட்டிப் போனார்கள். லிசி தன் நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மூணு நாளும் எனக்குப் பால் இருந்துச்சு, பிரான்சி."